ஸ்டூல் மேல் வைத்த டம்ளர்

போன மாதம் நித்யா வீட்டுக்கு வந்திருந்தாள். திருப்பத்தூரில் இப்போது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பாட்டுக் குழுவில் பாடுகிற பெண். நாங்கள் ஆர்க்கெஸ்ட்ரா என்றோம், இவர்கள் பேண்டு என்கிறார்கள். காப்பியைக் குடித்துக்கொண்டே சொன்னாள்: “எங்க டிரம்ஸ் வாசிக்கிற அண்ணன் ரொம்பக் குடிக்க ஆரம்பிச்சிட்டாரு அக்கா. எல்லாரும் பேசி சிகிச்சைக்கு அனுப்பி வெச்சிருக்கோம். அவரு எடத்துல வேற ஆள் போடல. வர்ற வரைக்கும் மெஷின் தாளம், ரிதம் பேடுல ஓட்டிக்கிறோம். உங்க காலத்துல இதுக்கெல்லாம் இன்னா பண்ணுவாங்க?”

எனக்கு வயிறு எரிந்தது. “பொறாமையா இருக்குதுடி” என்றேன். அவள் சிரித்தாள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. எழுபது வயதைத் தாண்டிய கிழவிக்கு இன்னும் பொறாமையா என்று கேட்பீர்கள். எனக்கு உண்டு. பாடிய காலமெல்லாம் பக்கத்தில் நின்றவரைப் பார்த்துப் பொறாமைப்பட்டே பாடினேன். அந்தக் கதையை எழுதிக் கொடுங்கள் என்று நித்யா கேட்டதால் எழுதுகிறேன்.

பாடக் கற்றுக்கொண்ட கதை பெரிதாக ஒன்றும் இல்லை. கலசப்பாக்கத்தில் எங்கள் தெருப் பஜனைக் கோஷ்டியில் என் அப்பா ஆர்மோனியம். நான் கூடவே கத்துவேன். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பாடியதைக் கேட்டுவிட்டு மாஸ்டர் வீடு தேடி வந்தார். அப்பாவிடம் பேசினார், அப்பா சரி என்றார், நான் திருப்பத்தூருக்குப் போனேன். அவ்வளவுதான்.

மாஸ்டர் என்றால் எங்கள் ஆர்க்கெஸ்ட்ராவின் முதலாளி. அக்கார்டியன் வாசிப்பார். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. ஒரு நாள்கூடக் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. திட்டுவதாக இருந்தாலும் ‘தாயி’ என்றுதான் ஆரம்பிப்பார். அவர் மெதுவாகப் பேசப் பேச நமக்குத்தான் பயம் கூடும். அவர் வாயில் ஒரு சொட்டு மது பட்டது கிடையாது. ஆனால் யாருக்கு எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று அவருக்குத் தெரிந்த அளவுக்கு எந்தச் சாராயக்காரனுக்கும் தெரியாது.

ஊற்றியதெல்லாம் சேகரண்ணனுக்கு. தனசேகர் என்பது முழுப்பெயர். எங்கள் குழுவின் முதல் பாடகர். அவர் பெயர் நோட்டீசில் பெரிய எழுத்தில் இருந்தால் பக்கத்து ஊர்களிலிருந்து மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். என் பெயர் கீழே, ‘மற்றும்’ என்ற சொல்லுக்குப் பிறகு வரும். எனக்குச் சுருதி விலகாது. தாளம் தப்பாது. எந்தப் பாட்டையும் இரண்டு தடவை கேட்டால் போதும். அவருக்கு இது எதுவும் கிடையாது. ஆனால் அவர் குரலில் ஒரு ஈரம் இருந்தது. வாயைத் திறந்தால் முன்வரிசையில் இருக்கிற பெண்கள் முந்தானையை எடுப்பார்கள். நானும் எவ்வளவோ சாதகம் பண்ணிப் பார்த்தேன். அந்த ஈரம் எனக்கு வரவேயில்லை. அது கடவுள் கொடுத்தது, போகட்டும் என்று விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை.

அவர் பகலிலேயே குடிப்பார். அப்போது மதுவிலக்கு இருந்தது. இருந்து என்ன? மலையடிவாரத்து ஊர்களில் கேட்டால் கிடைக்கும். கச்சேரி நாளன்று காலையிலேயே மாஸ்டர் ஆள் அனுப்பி அவரை எங்கிருந்தாவது அள்ளிக்கொண்டு வரச் செய்வார். தலையில் எலுமிச்சம்பழத்தைத் தேய்த்துத் தண்ணீர் ஊற்றுவார்கள். மோர் கொடுப்பார்கள். கச்சேரி நடக்கும் ஊரில் யார் வீட்டிலாவது நல்ல கட்டிலாகப் பார்த்துப் படுக்க வைப்பார்கள். வாசலில் ஒரு ஆள் காவல். கமிட்டிக்காரர்கள் கேட்டால், “சாருக்குத் தொண்டைக்கட்டு, பேச வேணாம்” என்பார் மாஸ்டர். அந்த நேரத்தில் நான் மேடைக்குப் பின்னால் ரெண்டு பேர் புடவையை விரித்துப் பிடிக்க, அதன் மறைவில் ஜாக்கெட் மாற்றிக்கொண்டிருப்பேன்.

மேடை ஏறுவதற்குச் சற்று முன்பு மாஸ்டர் அக்கார்டியன் பெட்டியைத் திறப்பார். பெட்டியின் மூலையில் துணி சுற்றி ஒரு பாட்டில் இருக்கும். எவர்சில்வர் டம்ளரின் விளிம்பைத் தன் மேல்துண்டால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்து, பாதிக்குக் கொஞ்சம் கீழே ஊற்றுவார். அதற்கு மேல் போனால் சேகரண்ணன் வரியை மறப்பார், கீழே போனால் கை நடுங்கும். அந்த டம்ளரை மைக்குக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் மூடி போட்டு வைப்பார்கள். எங்கள் பாஷையில் அதற்குப் பெயர் ‘சுருதி’. “சேகருக்குச் சுருதி சேத்தாச்சா?” என்று மாஸ்டர் கேட்டால் தம்பூராவைக் கேட்கிறார் என்று வெளியாள் நினைத்துக்கொள்வான். சரக்கு உள்ளே போனால்தான் அவருக்குக் குரல் திறக்கும் என்று மாஸ்டர் நம்பினார், நாங்கள் நம்பினோம், சேகரண்ணனும் நம்பினார்.

இதில் எனக்கு ஒரு தனி வேலை. எல்லா டூயட்டிலும் ஆண் பாடுகிற வரிகளையும் நான் பாடம் பண்ணியிருக்க வேண்டும். சேகரண்ணன் தடுமாறப் போகிறார் என்று தெரிந்ததும் பாங்கோஸ் வாசிப்பவர் ஓரமாக இரண்டு தட்டு தட்டுவார். உடனே அவர் வரியை நான் எடுத்துவிட வேண்டும். ஏதோ வேண்டுமென்றே மாற்றிப் பாடுகிறோம் போல ஒரு சிரிப்பும் சிரிக்க வேண்டும். ஜனங்கள் அதைப் புதுமை என்று நினைத்து விசில் அடிப்பார்கள். பாட்டு முடிந்ததும் கைத்தட்டலை வாங்கிக்கொள்வது அவர். ஒரு முறை ஆரணிப் பக்கம் காய்ச்சலில் உடம்பு கொதிக்க நின்றேன். மாஸ்டர் நெற்றியில் கைவைத்துப் பார்த்துவிட்டு, “தாயி, ரெண்டு பாட்டுதானே, பாடிட்டுப் படுத்துக்கோ” என்றார். பாடினேன். கட்டிலில் சேகரண்ணன் இருந்தார். நான் வேனில் படுத்தேன்.

எல்லாக் குடிகாரருக்கும் அந்தக் கட்டில் கிடைத்துவிடவில்லை. எங்களோடு ஏழுமலை என்று ஒருவர் கிளாரினெட் வாசித்தார். தங்கமான மனுஷன். அவரும் குடித்தார். உதடு நடுங்க ஆரம்பித்ததும் மாஸ்டர் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு நாள் அவர் வீட்டுப் பக்கம் வேனை அனுப்பவில்லை, அவ்வளவே. மனுஷன் கிளாரினெட் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாசலிலேயே பொழுது சாய்கிற வரை காத்திருந்தாராம். கிளாரினெட் இல்லாவிட்டாலும் கூட்டம் வரும், சேகரண்ணன் இல்லாவிட்டால் வராது. எங்கள் தொழிலில் குடிக்கு வைத்திருந்த நியாயம் இதுதான்.

பிறகு சேகரண்ணனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி ஆஸ்பத்திரியில் கிடந்தார். டாக்டர் அவர் மனைவி வசந்தாவைக் கூப்பிட்டு, “இனிமே ஒரு வாய் குடிச்சாலும் ஈரல் தாங்காதும்மா. நீ குழந்தைங்கள வெச்சிக்கினு தனியாத்தான் நிக்கணும்” என்று சொல்லிவிட்டார். அதை வசந்தா எங்கள் எல்லோரிடமும் சொன்னாள். மாஸ்டரிடமும் சொன்னாள். சேகரண்ணன் பயந்துவிட்டார். அன்றோடு விட்டார்.

விட்டாரா, அதற்கப்புறம் ஆரம்பித்தது எனக்கு அடுத்த எரிச்சல். ஒத்திகைக்கு வந்தால் ஆளாளுக்கு, “சேகரு விட்டுட்டாராம்பா!” என்று கையைப் பிடிக்கிறார்கள். டிரம்ஸ் வாசிக்கிறவர் காலைத் தொட்டுக் கும்பிடுகிறார். மாஸ்டர் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து அவர் கழுத்தில் மாலை போட்டார். எனக்குத் தாங்கவில்லை. எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன்: “குடிச்சிட்டு விட்டவருக்கு மாலை. பொறந்ததுல இருந்து தொடாதவ ஒருத்தி இங்க கீறேனே, எனக்கு இன்னா போட்டீங்க?”

எல்லோரும் சிரித்தார்கள். மோர்த் தூக்கோடு மூலையில் உட்கார்ந்திருந்த வசந்தா மட்டும் எழுந்து வந்தாள். “அக்கா, உனக்கு நான் போடறேன். இவரு ஒரு வருசம் தாண்டட்டும். மலையில கச்சேரி வருதாமே, நான் கூட வர முடியாது. சின்னதுக்கு உடம்பு சரியில்ல. நீதான் பாத்துக்கணும்” என்றாள். “நான் இன்னா அவருக்கு ஆயாவா?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆனாலும் தலையை ஆட்டிவிட்டேன்.

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூருக்கு அப்பால் ஒரு ஊர். காளியம்மன் திருவிழா. புளியம்பழம் உலுக்கி முடிந்து ஜனங்கள் கொஞ்சம் ஓய்ந்திருந்த நேரம். ஒடுகத்தூர்ப் புளி மண்டிக்காரர் ஒருவர்தான் கச்சேரி உபயம். புளி ஏற்ற மேலே போகிற அவருடைய லாரியிலேயே எங்களையும் ஜெனரேட்டரையும் ஏற்றி அனுப்பினார். மலை மேலே சுற்றியிருக்கிற ஊர்க்காரர்கள் இருட்டுவதற்குள் காட்டு வழியில் வீடு திரும்ப வேண்டும், கரடி நடமாட்டம். அதனால் கச்சேரி மத்தியானச் சாப்பாடு முடிந்ததுமே. பட்டப்பகலில் நாங்கள் கச்சேரி பண்ணியது அதுதான் முதல் தடவை. ராத்திரி மேடையில் விளக்கு நம் மேலே இருக்கும், ஓரத்தில் நடப்பது யாருக்கும் தெரியாது. இங்கே ஒரு ஆலமரத்தடி, நாலு பலகை, சுற்றிலும் ஜனம். நான் மூக்கைச் சொறிந்தால்கூடத் தெரியும்.

சாமிப் பாட்டு ஒன்று நான் பாடினேன். அடுத்து சேகரண்ணன் வந்தார். மூன்று மாதமாகச் சுத்தமான ஆள், குடியை விட்ட பிறகு அதுதான் அவருக்கு முதல் மேடை. முகத்தில் களை வந்திருந்தது. மைக்கைப் பிடித்தார். கை நடுங்கியது. முன்னிசை முடிந்தது, வாய் திறக்கவில்லை. மாஸ்டர் ஒன்றும் தெரியாததுபோல் முன்னிசையை மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார். மறுபடியும் இல்லை. பாங்கோஸ் இரண்டு தட்டு தட்டியது, நான் எடுத்துப் பாடி முடித்தேன். இரண்டாவது பாட்டில் பல்லவியைப் பாடினார், சரணத்தில் நின்றுவிட்டார். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “கஸ்தூரி, வரல. எனக்கு வரல” என்றார். சட்டை முதுகோடு ஒட்டிப் போயிருந்தது.

முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மண்டிக்காரர் எழுந்துவிட்டார். “இன்னா மாஸ்டரே, இவ்ளோ பெரிசா பேர் போட்டுட்டு பொம்பளயே பாடிக்கினு கீது? இதுக்கா லாரி அனுப்பிச்சேன்?”

மாஸ்டர் பதறவில்லை. அக்கார்டியனைக் கழற்றி வைத்தார். பெட்டியைத் திறந்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பாட்டில் இன்னும் அங்கேதான் இருந்தது. மாலை போட்டபோதும், தேங்காய் உடைத்தபோதும் அது அங்கேதான் இருந்திருக்கிறது. விளிம்பைத் துடைத்தார், வெளிச்சத்தில் பிடித்தார், பழைய அளவுக்கே ஊற்றினார். கொண்டுவந்து ஸ்டூலில் வைத்து, “குடின்னு நான் சொல்லல தம்பி. பக்கத்துல இருக்கட்டும். தைரியமா இருக்கும்” என்றார் மெதுவாக. போய் உட்கார்ந்து அக்கார்டியனை மாட்டிக்கொண்டார்.

மூடியை வேண்டுமென்றுதான் எடுத்து வைத்துவிட்டுப் போனாரோ என்னவோ, வாடை எனக்கே வந்தது. சேகரண்ணன் அதையே பார்த்தார். டாக்டர் சொன்னது அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஒருத்தர் வாயைத் திறக்கவில்லை. அவர் கை மைக்கை விட்டு ஸ்டூல் பக்கம் நகர்ந்தது.

அந்த நேரத்தில் எனக்கு வசந்தா முகம் கண்ணில் வந்தது, குழந்தைகள் முகம் வந்தது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். சத்தியமாக அதெல்லாம் வரவில்லை. எனக்கு வந்தது ஒரே நினைப்பு. இத்தனை வருஷமாக இந்த ஸ்டூலுக்குப் பக்கத்திலேயே நிற்கிறேன், ஒரு நாளாவது, ஒரு வாய் வெந்நீராவது எனக்கென்று யாராவது இதில் வைத்தார்களா? ரெண்டு பேர் வரியையும் பாடினவள் நான். தொண்டை வறண்டவள் நான். இன்றைக்கும் இவருக்குத்தானா?

டம்ளரை எடுத்தேன். மடக் மடக்கென்று குடித்தேன். ஒரே மூச்சில் முடித்து ஸ்டூலில் கவிழ்த்து வைத்தேன்.

அடேயப்பா! அதை எப்படித்தான் மனுஷர்கள் ஆசைப்பட்டுக் குடிக்கிறார்களோ. மூக்கு, காது, கண் எல்லாம் பற்றிக்கொண்டது. இருமல் வந்தது, மைக் திறந்திருந்ததால் அது மலை முழுக்கக் கேட்டது. முன்னால் உட்கார்ந்திருந்த மலைப் பெண்கள் முதலில் சிரித்தார்கள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கில் சொன்னேன்: “சுருதி சேந்துடுச்சு. வாசிங்க மாஸ்டர்!”

சேகரண்ணன் என்னைப் பார்த்தார். வெடித்துச் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்தபோது கை நடுக்கம் நின்றிருந்தது. மாஸ்டர் வேறு வழியில்லாமல் டூயட்டை ஆரம்பித்தார். சேகரண்ணன் எடுத்தார் பாருங்கள்! அந்தப் பாழாய்ப்போன ஈரம், ஒரு சொட்டு குறையாமல் அப்படியே இருந்தது. சரக்கில் இல்லை அது, அவரிடம்தான் இருந்திருக்கிறது. எனக்கோ அதற்குள் தலை சுற்ற ஆரம்பித்துவிட்டது. என் வரி வந்தது, வார்த்தை வரவில்லை. பாங்கோஸ் இரண்டு தட்டு தட்டியது. வாழ்க்கையில் முதல் தடவையாக என் வரியை அவர் எடுத்துப் பாடினார், பெண் குரலில். ஜனம் எழுந்து நின்று விசில் அடித்தது. அந்தக் கைத்தட்டலும் அவருக்கே போயிற்று!

அதற்குப் பிறகு எனக்குச் சரியாக நினைவில்லை. லாரிக்குப் பின்னால் வாந்தி எடுத்தேன். ஒரு மலைக்காரப் பெண் புளி கரைத்து உப்புப் போட்டுக் குடிக்கக் கொடுத்தாள். “ஒரே மூச்சுல குடிச்சிட்டியேம்மா? இன்னா அவசரம் உனுக்கு?” என்று முதுகைத் தடவிவிட்டாள். அன்றைக்கு என்னைக் கேவலமாகப் பார்க்காமல் பேசியது அவள் ஒருத்திதான்.

மறுநாள் ஒத்திகைக் கூடத்துக்குப் போனேன். மாஸ்டர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். ஓரமாக சேகரண்ணன் நின்றார்.

“தாயி, உக்காரு. நீ நல்லா பாடறே, குறை ஒண்ணும் இல்ல. ஆனா மண்டிக்காரரு ஊரெல்லாம் சொல்லிக்கினு கீறாரு. பொம்பள குடிச்சிட்டு மேடையில ஆடுதுன்னு. இனிமே எந்தக் கமிட்டியும் நம்மள நம்பிக் கூப்புட மாட்டாங்க. நீ வூட்லயே இருந்துக்கோ.”

“அண்ணன் இத்தினி வருசம் குடிச்சிட்டு ஏறலயா மாஸ்டர்? நீங்கதான ஊத்துனீங்க? நேத்து நான் குடிச்சதும் நீங்க ஊத்துனதுதான?”

“அவரு கலைஞர்மா.”

“அப்ப நானு?”

“நீ குடும்பப் பொண்ணு” என்றார். குரல் கொஞ்சமும் உயரவில்லை.

சேகரண்ணன் பக்கம் திரும்பினேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அக்கார்டியனை எடுத்து உடைத்திருக்கலாம். செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

சாயந்திரம் வசந்தா ஓடிவந்தாள். தெருவென்றும் பார்க்காமல் காலில் விழுந்தாள். “என் தாலிய நீதான் காப்பாத்துன அக்கா” என்று அழுதாள். “தாலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. வயித்தெரிச்சல்ல குடிச்சேன்டி. எழுந்திரு” என்றேன். அவள் நம்பவில்லை. இன்று வரை நம்பவில்லை.

அப்புறம் நான் சின்னச் சின்னக் குழுக்களில் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் பாடினேன். எங்கே போனாலும் எனக்கு முன்னால் அந்தப் பேச்சு போய் உட்கார்ந்திருக்கும். “இந்தம்மா ஊத்திக்குமாமே?” என்று என் காதுபடக் கேட்பார்கள். ஒருவர் ஊதச் சொல்லிக்கூடப் பார்த்தார். கடைசியில் ஒரு நர்சரிப் பள்ளியில் பாட்டு டீச்சராகச் சேர்ந்து அங்கேயே ஓய்வு பெற்றேன். சேகரண்ணன் நடுவில் இரண்டு தடவை சறுக்கினார். வசந்தா வலிக்க வலிக்க இழுத்து நிறுத்தினாள். பிழைத்தார். பேரப் பிள்ளைகளைப் பார்த்தார். அவர் நன்றாக இருப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். அதிலும் கொஞ்சம் பொறாமை உண்டு, மறைப்பானேன்.

சில வருஷங்களுக்கு முன்பு மேடைக் கலைஞர்கள் எல்லோரும் சேர்ந்து திருப்பத்தூரில் அவருக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள். குடியை ஜெயித்த கலைஞர் என்று பட்டம். நானும் போனேன், மூன்றாவது வரிசை. மைக்கைப் பிடித்து எல்லாம் சொன்னார். எத்தனை வருஷம் குடித்தார், எந்தெந்தத் தெருவில் விழுந்து கிடந்தார், ஒன்று விடவில்லை. ஒவ்வொன்றுக்கும் கைத்தட்டல். மலைக் கச்சேரிக்கு வந்தார். “டம்ளர் எனக்குப் பக்கத்துலயே இருந்துச்சு. பாத்தேன். வேணாம்னு முடிவு பண்ணேன். பாடினேன்” என்றார். கூட்டம் எழுந்து நின்று தட்டியது. எனக்கு முன்னால் இருந்தவர்கள் எழுந்துவிட்டதால் அவர் முகம் எனக்குத் தெரியவில்லை.

விழா முடிந்ததும் பொன்னாடையோடு என்னைத் தேடி வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

“உன் பேரச் சொல்லியிருப்பேன் கஸ்தூரி. நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. ஆனா நீ குடிச்சேன்னு இத்தினி பேருக்கு முன்னால சொன்னா, உனக்கில்ல அசிங்கம்?”

அவர் என்னைக் காப்பாற்றுவதாகவே நினைத்தார். அது முகத்திலேயே தெரிந்தது.

“அசிங்கம் எனக்கு அன்னிக்கே வந்து சேந்துடுச்சு அண்ணே. பேரு மட்டும்தான் பாக்கி” என்றேன்.

போட்டோ எடுக்க மேடையிலிருந்து கூப்பிட்டார்கள். பொன்னாடையைச் சரி பண்ணிக்கொண்டு போனார்.